குரலைச் சேராத இளி

(கல்லடி உப்போடையில், வாவியை நோக்கிய திண்ணையொன்றில் நிகழ்ந்ததாகக் கொள்க.)

சீடன்: சுவாமி, நேற்று விபுலாநந்த அடிகளின் யாழ் நூலைப் பற்றிப் பேசுகையில் 531441 என்னும் எண்ணை மணலில் எழுதி, இசைக்கணிதர்களை இடர்ப்படுத்தியது இதுவே என்று சொல்லி நிறுத்தினீர்கள். எண்ணுக்கும் இசைக்கும் அத்துணைப் பகை எங்ஙனம் உண்டாயிற்று?

குரு: பகை அன்று தம்பி, நியதி. முதலில் அவ்வெண்ணின் சுபாவத்தைப் பார். பன்னிரண்டு மூன்றுகளை ஒன்றோடொன்று பெருக்க அது பிறக்கும். ஆதலின் 729-இன் வர்க்கமாகவும் 81-இன் கனமாகவும் ஒருங்கே நிற்கும். ஒன்று தொடங்கித் தானீறாகப் பதின்மூன்று காரணிகள் உடையதாயினும், அவற்றுள் இரட்டை எண் ஒன்றேனும் இல்லை.

இனி நரம்பை எடு. முழு நரம்பு குரல் (சட்ஜம்) ஆயின், அதன் மூன்றில் இரண்டு பங்கு இளி (பஞ்சமம்). பாதி, மேல் ஸ்தாயிக் குரல். இளியையே குரலாகக் கொண்டு அதற்கு இளி காண்பதைப் பன்னிரு முறை செய்தால், வட்டப்பாலையின் பன்னிரு இராசிகளையும் சுற்றி, ஏழு ஸ்தாயி கடந்து, புறப்பட்ட குரலையே அடைவோம் என்று செவி எதிர்பார்க்கும்.

சீடன்: அடைவதில்லையா?

குரு: இல்லை. வந்து நிற்கும் சுருதி 4096-க்கு 531441 என்னும் வீதத்தது. ஏழு ஸ்தாயி ஏறிய குரலோ 4096-க்கு 524288. மிகுதி 7153, அதாவது ஏறத்தாழ 73-இல் ஒரு பங்கு. பழகிய செவி அதைப் பொறாது.

சீடன்: இன்னும் நெடுந்தூரம் சென்றால் கூடாதோ?

குரு: 53 முறை சென்றால் வித்தியாசம் ஏறக்குறைய 480-இல் ஒரு பங்காகக் குறுகும், ஆயினும் ஒருபோதும் கூடாது. மூன்றுகளை எத்தனை பெருக்கினும் ஒற்றை எண். இரண்டுகளை எத்தனை பெருக்கினும் இரட்டை எண்.

சீடன்: எல்லையற்ற வழியை நடந்து பாராமலே ‘ஒருபோதும்’ என்கிறீர்கள். காட்சி, கருதல், உரை என்னும் அளவைகளுள் இது எது?

குரு: கருதலே, ஆயினும் புகை கண்டு நெருப்பைக் கருதுவது போன்றதன்று. அங்கே அடுக்களையில் பன்முறை கண்ட உடனிகழ்ச்சி துணையாகிறது. இங்கோ, இலட்சம் எண்களைப் பார்த்ததனால் அன்றி, ஒற்றையை ஒற்றையால் பெருக்க இரட்டை பிறவாது என்னும் ஒரே நியதியைக் கண்டதனால் துணிகிறோம். நான் சொன்னேன் என்பதற்காக இதை ஏற்காதே. உரைக்கு இங்கே வேலையில்லை, குருவுக்குங்கூட இல்லை.

சீடன்: ஆர்மோனியம் அவ்வட்டத்தை மூடிவிடுகிறதே?

குரு: மூடுபவன் அதைச் செய்த தொழிலாளன். மிகுதியைப் பன்னிரண்டாகப் பகிர்ந்து ஒவ்வோர் இளியையும் சிறிது குறைத்துவிடுகிறான். எந்தச் சுருதிக்கும் மாறலாம் என்ற ஆதாயத்துக்காக, சுத்தமான இளி ஒன்றுமே இல்லாமற் போகிறது. அதை நான் நிந்திக்கவில்லை. ஆனால் சுருதி பயிலும் பிள்ளைக்கு முதலிற் கொடுக்கத்தக்கது தம்பூராவே.

காரைதீவிற் பிறந்து விஞ்ஞானப் பட்டம் பெற்ற விபுலாநந்த அடிகள், 1947-இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேற்றிய யாழ் நூலில், பண்டை நரம்புகளைக் கணக்கிட்டே ஆராய்ந்தார். கணக்கென்று அஞ்சி இசை மாணவர் அந்நூலை ஒதுக்குவது தகாது. நாளை வரும்போது ஒரு நரம்பும் அளவுகோலும் கொண்டு வா.