கழுத்து மரை

பழைய கள், புதிய மொந்தை என்று ஒருவரையொருவர் ஏசிக்கொள்கிறோம். இதற்கு நேர்மாறான காரியம் முக்குளிப்பவர்களிடம் நடக்கிறது: பழைய எஃகுச் சிலிண்டருக்குப் புது வால்வு.

கூஸ்தோவும் காஞ்ஞானும் 1943இல் தங்கள் மூச்சுக்கருவியை அமைத்தபின் வந்த சிலிண்டர்கள் பலவற்றின் கழுத்தில் அரை அங்குல டேப்பர் மரை. இறுக்க இறுக்க உலோகத்தை உலோகம் கவ்வி அடைக்கும். பிற்பாடு முக்கால் அங்குல நேர்மரை வந்தது; அதில் அடைப்பது ஒரு ரப்பர் வளையம். ஒன்று மற்றதில் ஏறாது. கழுத்தைக் குடைந்து அகலமாக்கத் துணிபவன் பாத்திரத்தின் பலத்தையே தின்கிறான். அடியில் பழைய மரை கடைந்த புது வால்வைத் தேடுவதே முறை. வளைந்துகொடுக்க வேண்டியது புதியதுதான் என்பதை வெறும் பட்டறை விஷயமாக என்னால் ஒதுக்க முடியவில்லை.

ஆனால் பழையது என்பதற்காக யாரும் அதைக் கும்பிடுவதில்லை. நீர் நிரப்பி, வேலை அழுத்தத்துக்கும் மேலே ஏற்றி, இறக்கியபின் எவ்வளவு மீள்கிறது என்று பார்க்கிறார்கள். அமெரிக்க விதிப்படி, மொத்த விரிவில் பத்தில் ஒன்றுக்குமேல் மீளாமல் தங்கினால் தள்ளுபடி. நம் விமர்சனத்தில் இந்தச் சோதனை எங்கே? ஒன்று பூஜை, இல்லாவிட்டால் காயலான் கடை.

இழப்பும் உண்டு. பழைய வால்வு சிலவற்றில் ஒரு சுருள்வில் இருந்தது. காற்று குறைந்தால் மூச்சு இறுகும். கம்பியை இழுத்தால் மிச்சக் காற்று வரும். கம்பி முன்பே தவறி இழுபட்டிருந்தால் மிச்சமே இல்லை. இப்போது அழுத்தமானியின் முள்ளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நந்தனத்துக் கிளையொன்றில் பகலெல்லாம் எண்களோடு இருப்பவன் நான். எண்ணைப் பார்க்க மறந்தவர்களை அறிவேன். மூச்சு இறுகுவதை மறப்பவன் உண்டா?

தூத்துக்குடியில் 1961இல் ஓய்ந்த முத்துக்குளிப்பில் முள்ளும் இல்லை, வில்லும் இல்லை. கல்லோடு இறங்கியவனின் கயிறு மேலே மச்சான் கையில் இருக்கும் என்பார்கள். அக்காள் தாலியை அவன் நினைத்துக்கொள்வான் அல்லவா.