பன்றிக்குட்டிக்கு முலை தந்தவனே

சொக்கநாதா, உன் 64 திருவிளையாடல்களில் பிட்டுக்கு மண் சுமந்ததைத்தான் மதுரை பெரிதாகக் கொண்டாடுகிறது. ஆவணி மூலத்தில் புட்டுத்தோப்புக்கு நீ எழுந்தருளும்போது நெரிசலில் எக்கி எக்கிப் பார்த்தவள்தான் நானும். மகள் பிறந்த பிறகு எனக்கு வேறொரு திருவிளையாடல் மேல் பித்துப் பிடித்துவிட்டது. பரஞ்சோதி முனிவர் அதற்கு ஒளிவுமறைவில்லாமல் பெயர் வைத்தார்: பன்றிக்குட்டிக்கு முலை கொடுத்த படலம்.

குருவிருந்துறையில் சுகலன் என்ற உழவனுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். பெற்றவர்கள் போனபின் அடங்காமல் திரிந்தார்கள். தவத்தில் இருந்த வியாழ பகவான் மேல் மண்ணையும் கல்லையும் எறிந்தார்கள். பன்றிக்குட்டிகளாகப் பிறந்து தாய் தகப்பனை இழந்து தவிக்கும்படி அவர் சபித்தார். அப்படியே பிறந்தன. பாண்டியன் வேட்டையாட வந்தான், பெரிய பன்றிகள் மாண்டன, குட்டிகள் பசியில் கத்தின. நீ காமதேனுவை ஏவியிருக்கலாம். அங்கேயே மோட்சம் கொடுத்திருக்கலாம். (பசித்த வாய்க்கு மோட்சம் எதற்கு?) நீ தாய்ப்பன்றியானாய். பன்னிரண்டு வாய்க்கும் முலை கொடுத்தாய்.

திருமால் பன்றியாகி மண்ணைப் பிளந்து தேடியும் உன் அடி அகப்படவில்லை. இந்தக் குட்டிகள் தேடவே இல்லை. கத்தின, அவ்வளவுதான். தேடி வந்த பன்றிக்கு எட்டாதவன், கத்திய பன்றிகளுக்குத் தானே பன்றியாகி மடி தந்தாயே! அப்பனே, இதை நான் எங்கே போய்ச் சொல்வேன்?

பிரசவ அறையில் குழந்தையைத் துடைத்த கையோடு, துணிகூடச் சுற்றாமல் என் நெஞ்சில் கிடத்தினார்கள். பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. என் மகளுக்கு அதை யார் சொன்னார்கள்? தலையை ஆட்டி ஆட்டி, மோந்து மோந்து, மார்பை நோக்கித் தானே நகர்ந்தாள்.

முதலில் வந்தது சீம்பால். மஞ்சளாக, பிசுபிசுப்பாக, சில சொட்டுகள். "இம்புட்டுத்தானா?" என்று சுற்றி நின்றவர்கள் முகம் சுண்டியது. முதல் நாளில் ஒரு வேளைக்குக் குழந்தை குடிப்பதே சில மில்லிதான். நோயெதிர்ப்புப் புரதங்களை அந்தச் சொட்டுகளில் செறித்து வைத்து, அந்தப் பிஞ்சுக் குடலுக்குக் காப்புக் கட்டி அனுப்புகிறாய். இதைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டிய வீடுகள் உண்டு. மாடு கன்று போட்டால் மட்டும் அதன் சீம்பாலை வெல்லமும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்சித் தெருவுக்கே கொடுப்போம்! என் வீட்டுக்காரரின் அப்பத்தா சேனை தொட்டு வைக்கச் சர்க்கரைத் தண்ணீரோடு நின்றார். சிஸ்டர் சிரித்துக்கொண்டே, "அப்பத்தா, மொதச் சேனையைச் சாமியே வச்சிருச்சு" என்றார். கிழவி அப்படியே கும்பிட்டுவிட்டார்.

அடுத்த இரவுதான் சோதனை. குடிக்கும், விடும், வீறிட்டு அழும். காம்பு வெடித்து, வாய் வைத்தாலே உயிர் போனது. "பால் பத்தல தாயி, பவுடர் வாங்கியாரச் சொல்லவா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். சிஸ்டர் வந்தார். காம்பை வாயில் திணிக்காதே, பிள்ளை வாயை ஆவென்று திறக்கும் வரை பொறு என்றார். திறந்ததும் குழந்தையை மார்போடு சேர்த்தார். காம்பு மட்டுமல்ல, சுற்றியுள்ள கருவட்டத்தில் பெரும்பகுதி, அதுவும் கீழ்ப்பக்கம் அதிகமாக, வாய்க்குள் போனது. முகவாய் மார்பில் அழுந்தியது. கீழுதடு வெளியே மடிந்தது. மூச்சுவிட மூக்குக்கு இடம் இருந்தது. வலி நின்றது! மடக் மடக் என்று விழுங்கும் சத்தம் கேட்டது. மேளமும் நாகசுரமும் கேட்டு வளர்ந்த ஊர்க்காரி நான். இப்படி ஒரு இசையை எந்தச் சன்னதியிலும் கேட்டதில்லை. அதே நேரம் அடிவயிறு இழுத்துப் பிடித்தது. பால் குடிக்கும்போது சுரக்கும் ஆக்சிடோசின் கருப்பையையும் சுருக்குகிறதாம். என் மகள் குடித்துக்கொண்டே என் உடம்பையும் ஆற்றிக்கொண்டிருந்தாள்.

குடிக்கும்போது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறந்த குழந்தைக்கு 20, 30 சென்டிமீட்டர் தூரம்தான் ஓரளவு தெளியும். மார்பிலிருந்து தாய்முகம் வரை உள்ள தூரம் அது. மீன் தன் பார்வையாலேயே குஞ்சு பொரிக்கும், அங்கயற்கண்ணி அப்படித்தான் உலகை வளர்க்கிறாள் என்பார்கள். அம்மா மீனாட்சி, அன்று பார்வையால் வளர்ந்தவள் நான்தான்.

இரவெல்லாம் ஏன் இப்படி விடாமல் உறிஞ்சுகிறாள் என்று சிஸ்டரிடம் கேட்டேன். "அவ பாலுக்கு ஆர்டர் போடுறாம்மா" என்றார். உண்மைதான். குழந்தை சப்பச் சப்ப மூளையிலிருந்து புரோலாக்டின் வருகிறது, அது பாலைச் சுரக்க வைக்கிறது, இரவில் இன்னும் கூடுதலாக. ஒரு நாளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை குடிப்பது வழக்கம்தான். பால் இருப்பதால் குழந்தை குடிக்கிறது என்று நினைத்திருந்தேன். குடிப்பதால்தான் பால் வருகிறது! கேட்கக் கேட்கச் சுரப்பவனே, கேளாமல் சும்மா கிடக்கும் எங்களைப் பார்த்து உன் மார்பு எப்படி வலிக்குமோ?

சிலருக்குப் பால் இறங்கத் தாமதமாகும், சிலருக்குப் போதாமலே போகும். சிறுநீர் குறைவாகப் போகிறதா, கறுப்பு மலம் சில நாளில் மஞ்சளாக மாறவில்லையா, குழந்தை சோர்ந்து தூங்கியே கிடக்கிறதா, உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவர் சொன்னபடி கொடுக்கிற பவுடர் பாலும் அருள்தான். பன்றியாக வந்தவனுக்குப் பவுடர் டப்பாவில் வரக் கூச்சமா?

பிறகு எனக்குப் பால் இறங்கியது. மார் இரண்டும் கல்லாகக் கனத்து, கொதித்து, சேலை நனைந்தது. வார்டில் யாருடைய குழந்தையோ அழுதது. என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த அழுகைக்கு என் மார்பு சுரந்தது! என்னைக் கேட்கவில்லை, யார் பிள்ளை என்று பார்க்கவில்லை, தானாகச் சுரந்தது. சொக்கா, சொக்கா, அன்று காட்டில் உனக்கு இதுதானே நடந்தது! சபிக்கப்பட்டதா, பன்றியா, கல்லெறிந்த பிள்ளையா என்று பார்க்க உனக்கு நேரம் எங்கே இருந்திருக்கும்? அழுகை கேட்டிருக்கும், சுரந்திருக்கும். கண்ணீரும் பாலும் ஒன்றாக வழிய, கட்டிலில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்துக் கட்டில் மதினி பயந்துபோய் சிஸ்டரைக் கூப்பிட்டார்.

சிஸ்டரிடம் இதைச் சொன்னபோது, அவர் தாய்ப்பால் வங்கியைப் பற்றிச் சொன்னார். தாயின் ரத்தத்தைச் சோதித்து, பாலை 62.5 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வைத்துப் பக்குவப்படுத்தி, குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்குக் குழாய் வழியாக ஊட்டுகிறார்கள். மகள் குடித்தது போக மிச்சத்தைப் பீய்ச்சிக் கொடுத்து வருகிறேன். எந்தப் பிள்ளைக்குப் போகிறது என்று அவர்கள் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. அந்தப் பன்னிரண்டில் ஒன்றாக இருக்கட்டும்.