முடிவு தெரிந்த கதை

போன வருடம் கோடையில், ரொறன்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் காதல் நாவல் எழுதுவோரும் வாசிப்போரும் கூடிய மாநாட்டுக்குப் போயிருந்தேன். நான் தமிழில் எழுதுகிறவள். என் நாவல் ஒன்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அச்சிட்ட என் பெறாமகள், "சின்னம்மா, நீங்கள் வரத்தான் வேணும்" என்று சொல்லி எனக்கும் ஒரு மேசை பதிவு செய்துவிட்டாள்.

ரொறன்ரோவுக்கும் காதல் நாவலுக்கும் உள்ள உறவு நெருக்கமானது. ஹார்லெக்வின் பதிப்பகம் 1949இல் வினிபெக்கில் தொடங்கியது. ஆரம்பத்தில் கையில் கிடைத்த எல்லா வகைப் புத்தகங்களையும் மலிவு விலையில் மறுபதிப்புச் செய்தது. லண்டன் மில்ஸ் அண்ட் பூன் வெளியிட்ட காதல் கதைகள் நிறுவனரின் மனைவி மேரி பானிகாசிலுக்குப் பிடித்துப்போக, 1957இலிருந்து அவற்றை வாங்கி அச்சிட்டார்கள். 1960களின் இறுதியில் ரொறன்ரோவுக்கு இடம்பெயர்ந்தார்கள். 1971இல் மில்ஸ் அண்ட் பூனையே விலைக்கு வாங்கினார்கள். 1989இல் பெர்லின் மதில் விழுந்தபோது, கிழக்கிலிருந்து வந்த சனங்களின் கையில் இந்த நிறுவனம் தன் காதல் நாவல்களை இலவசமாகக் கொடுத்தது. வியாபாரக் கணக்கோடுதான் கொடுத்தார்கள். ஆனால் அத்தனை வருடம் அடைபட்டிருந்தவர்கள் அதைக் கை நீட்டி வாங்கினார்கள் என்பது என்னை இன்றுவரை யோசிக்க வைக்கிறது.

மாநாட்டில் வாசகர்கள் சக்கரம் வைத்த பெட்டிகளை இழுத்துக்கொண்டு வந்தார்கள். கையெழுத்து வாங்கும் புத்தகங்களைத் தோளில் சுமக்க முடியாதல்லவா! மேசைகளில் புத்தகக் குறிகளும் துணிப்பைகளும் குவிந்து கிடந்தன. ஓர் உரையாடலில், காதல் நாவல் துன்பத்தில் முடியலாமா என்று யாரோ கேட்டார். மேடையில் இருந்த நால்வரும் ஒரே குரலில் கூடாது என்றார்கள். நடுவில் எந்தப் புயல் அடித்தாலும் கடைசியில் இருவரும் சேர்ந்திருக்க வேண்டும், அது வாசகருக்குக் கொடுத்த வாக்கு என்றார்கள். எங்கள் பழைய படங்களின் கடைசியில் திரை முழுக்க வரும் 'சுபம்' இங்கே எழுதாத சட்டமாகவே இருக்கிறது.

அதைக் கேட்டபோது, சில மாதங்களுக்கு முன் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. ஸ்காபரோவில் சைவ சித்தாந்த வகுப்பு எடுப்பவர், நான் மதிக்கிறவர். "பிள்ளை, இவ்வளவு தமிழ் தெரிஞ்ச நீங்கள் ஏன் உந்த ஆசைக் கதையள் எழுதிறியள்? எங்கட சனம் பட்ட பாட்டுக்குப் பிறகும் எல்லாம் நல்லா முடியும் எண்டு எழுதிறது சனத்துக்குப் பொய் சொல்லுறதெல்லோ?" என்றார்.

அதில் இரண்டு குற்றச்சாட்டுகள் இருந்தன. ஆசையை வளர்க்கிறேன் என்பது முதலாவது. அது என்னைப் பெரிதாகத் தொடவில்லை. ஆசையைக் கண்டு கூசுவது பழைய வழக்கம். 1730இல் குறளை லத்தீனுக்குக் கொண்டுபோன வீரமாமுனிவர்கூட அறத்தையும் பொருளையும் மொழிபெயர்த்துவிட்டு, காமத்துப்பாலின் 250 குறள்களையும் விட்டுவிட்டார். வள்ளுவர் கூசவில்லை. தில்லையில் பாடப்பட்ட திருக்கோவையார், 400 பாட்டிலும் ஒரு தலைவனையும் தலைவியையும் பற்றியே பேசுகிறது. திருவாசகத்தோடு சேர்ந்து அதுவும் எட்டாம் திருமுறைதான்.

பொய் சொல்கிறேன் என்ற இரண்டாவது குற்றச்சாட்டுத்தான் மனதில் தைத்தது. ஊரையும் உறவையும் இழந்து வந்த ஒரு சமூகத்துக்கு, இருவரும் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்று கதை முடித்துக் கொடுப்பது உண்மைக்குச் செய்யும் துரோகமா?

மாநாட்டின் மாலையில் கையெழுத்து நேரம். என் மேசைக்கு ஐம்பது வயதை ஒட்டிய தமிழ்ப் பெண் ஒருவர் வந்தார். முதியோர் இல்லத்தில் வேலை. ஷிப்ட் முடிந்து நேரே வந்திருந்தார், காலில் வெள்ளைச் சப்பாத்து. தமிழ்ப் பிரதியைக் கையில் எடுத்தவர், அட்டையைப் பார்க்காமல் நேரே கடைசிப் பக்கத்தைத் திறந்தார். நின்றபடியே வாசித்தார். பிறகுதான் முதல் பக்கத்துக்கு வந்தார்.

"குறை நினைக்காதேங்கோ அக்கா. முடிவைப் பாத்தாத்தான் நடுவில வாற கஷ்டத்தை என்னால வாசிக்க ஏலும்."

எங்கிருந்து இந்தப் பழக்கம் வந்தது என்று கேட்டேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் தங்கம் மாதிரி. ஜாம் போத்தல் விளக்கில்தான் படிப்பு. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய், கம்பியில் பிடித்த நூல் திரி, போத்தலின் கண்ணாடியே சிமினி. அந்த வெளிச்சத்தில் அவர் ரமணிசந்திரனின் காதல் நாவல் ஒன்றை வாசித்திருக்கிறார். பல கை மாறி வந்த புத்தகம், கடைசிப் பக்கங்கள் கழன்று போயிருந்தன.

"முடிவு இல்லாத புத்தகத்தையா வாசிச்சனீங்கள்?"

"சேர்ந்திருப்பினம் எண்டு தெரியும்தானே அக்கா. அது தெரிஞ்சபடியாத்தான் திருப்பித் திருப்பி வாசிச்சனாங்கள். எங்கட வீட்டிலதான் நாளைக்கு என்ன எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

அவருடைய அண்ணன் பிறகு வன்னியில் காணாமல் போனவர். அதையும் சொன்னார், குரல் மாறாமல். புத்தகத்தில் யாருடைய பெயர் எழுத வேண்டும் என்று கேட்டேன். அண்ணனின் பெயரைச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து இறையனார் களவியல் உரையை எடுத்தேன். எட்டாம் நூற்றாண்டை ஒட்டியது என்று அறிஞர்கள் கருதும் உரை அது. அதன் தொடக்கத்தில் உள்ள வரலாறு தமிழ் படித்தவர்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன். பாண்டி நாட்டில் பன்னிரண்டு வருடப் பஞ்சம். காப்பாற்ற முடியாத அரசன் புலவர்களை வெளியே அனுப்புகிறான். மழை பெய்து நாடு நாடானதும் திரும்ப அழைக்கிறான். எழுத்திலக்கணம் தெரிந்தவர்கள் வந்தார்கள், சொல்லிலக்கணம் தெரிந்தவர்கள் வந்தார்கள். பொருளிலக்கணம் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அரசன் கலங்கிப்போனான். அப்போது ஆலவாயில் உறையும் சிவபெருமானே 60 சூத்திரங்களை இயற்றி, மூன்று செப்பேட்டில் எழுதி, பீடத்தின் கீழே வைத்தார். சூத்திரங்கள் பேசுவது களவையும் கற்பையும், அதாவது காதலையும் அதற்குப் பின்னான வாழ்வையும்.

பஞ்சத்தில் செத்தவர்கள் செத்தார்கள், ஊர்கள் பாழாயின. அப்படிப்பட்ட நாட்டுக்குக் கடவுள் எழுதிக்கொடுத்தது காதலின் இலக்கணம் என்று நம் முன்னோர் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை வரலாறாக ஏற்கத் தேவையில்லை. ஆனால் துன்பத்தின் பின் ஒரு சமூகத்துக்கு முதலில் என்ன தேவைப்படும் என்று அவர்கள் யோசித்த விதம் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அந்த உரையில் இன்னோர் இடம் உண்டு. களவு என்றால் தீயதுதானே, இறைவன் அதையா சொல்வான் என்று ஒருவர் கேட்பதாக வைத்து உரைகாரர் பதில் சொல்கிறார். வீட்டாரோடு சண்டை பிடித்த ஒரு பெண், செத்துப்போவதென்று நஞ்சு கூட்டி வைக்கிறாள். தடுக்க ஆளில்லாத நேரத்துக்காகக் காத்திருக்கிறாள். அருளுடைய ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, அவள் காணாமல் எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிடுகிறான். அவள் பிழைக்கிறாள். அவன் செய்ததும் களவுதான். அது தீயதா என்று கேட்கிறார் உரைகாரர்.

ஜாம் போத்தல் விளக்கடியில் அந்தச் சிறுமிக்கு நாவல் செய்தது இந்த வேலைதான் என்று நான் நம்புகிறேன். நாளை என்ன ஆகும் என்ற பயம் வீடெங்கும் கூட்டி வைக்கப்பட்டிருந்தது. கதை அவளுக்குத் தெரியாமல் அதில் கொஞ்சத்தை எடுத்துக் கொட்டியது.

இனிப் பெரியவரின் கேள்விக்கு அவர் கற்பிக்கும் சித்தாந்தத்திலேயே பதில் தேடுகிறேன். மெய்கண்டாரின் சிவஞானபோதம் 12 சூத்திரம். உலகம் உள்பொருள், துன்பம் உள்பொருள், ஆணவமும் கன்மமும் மாயையும் உயிரைக் கட்டியிருப்பது உண்மை. இவ்வளவையும் சொன்ன மெய்கண்டார் கட்டோடு நிறுத்தவில்லை. உயிர் இறைவனின் திருவடியைச் சேர்வதில் கொண்டுபோய் முடித்தார். சேர்ந்த பிறகும் உயிர் கரைந்து இல்லாமல் போய்விடுவதில்லை. பிரிவின்றிக் கலந்திருந்தாலும் இன்பத்தை அனுபவிக்க அது இருக்கிறது. இரண்டு பேர் இரண்டு பேராகவே இருந்து ஒன்றாவதை எழுதி எழுதிப் பழகிய எனக்கு இந்த இடத்தை விளங்கிக்கொள்வதில் சிரமம் இருக்கவில்லை. பெரியபுராணத்தில் ஒவ்வொரு அடியாரின் கதையும் எப்படி முடியும் என்று கேட்பவர் எல்லோருக்கும் முன்னமே தெரியும். ஆனாலும் கண்ணப்பர் கண்ணைத் தோண்டும் இடத்தில் அழுகிறோம். துன்பம் நடு, இன்பம் முடிவு என்று நம்புகிற சமயத்தில் இருந்துகொண்டு, இன்பமாக முடியும் கதையை முடிவுக்காகவே பொய் என்று சொல்ல முடியாது.

அந்தச் சகோதரியின் அண்ணன் திரும்பி வரவில்லை. நான் எழுதும் எந்தக் கல்யாணமும் அந்த இழப்புக்கு ஈடாகாது. ஈடாகும் என்று சொல்லுகிற கதை பொய்தான். என் கதை நடந்ததற்குச் சாட்சி சொல்லவில்லை. மனிதர் இப்படி வாழத்தான் படைக்கப்பட்டார்கள் என்ற ஒரு நம்பிக்கையைச் சொல்கிறது.

பொய்யான இன்ப முடிவும் உண்டு. அதைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. தமிழில் இன்று நிறைய வாசிக்கப்படும் ஒரு வகைக் கதையில் நாயகன் அடிக்கிறான், கட்டாயத் தாலி கட்டுகிறான், அறைக்குள் பூட்டுகிறான். கடைசி அத்தியாயத்தில் அவனுக்கும் ஒரு காயம் இருந்தது என்று தெரிந்து நாயகி அழுது மன்னிக்கிறாள். ஆங்கிலத்திலும் இப்படி இருந்தது. 1972இல் வந்து லட்சக்கணக்கில் விற்ற கேத்லீன் வுடிவிஸின் முதல் நாவலில் நாயகன் நாயகியை வன்புணர்வு செய்துவிட்டுத்தான் காதலனாகிறான். மாநாட்டில் இளம் வாசகிகள் எழுந்து நின்று, அப்படிப்பட்டவன் எங்களுக்கு நாயகன் இல்லை என்று தெளிவாகச் சொன்னார்கள். ஒருத்தியின் அவமானத்தை விலையாகக் கொடுத்து வாங்கிய சுபத்தை நான் கடவுளின் பெயரால் நிராகரிக்கிறேன். நம் முன்னோரின் முடிவில் இந்தக் கீழ்ப்படிதல் இல்லை. குறளின் கடைசி அதிகாரம் ஊடலுவகை. அங்கே பெண் கோபித்துக்கொண்டு நிற்கிறாள், அந்தக் கோபத்துக்கு மதிப்பிருக்கிறது, அதன் பிறகுதான் தழுவல்.

எது மெய், எது பொய் என்று யார் தீர்ப்பது? களவியலுக்கு 49 புலவர்களும் ஆளுக்கோர் உரை எழுதிச் சண்டை பிடித்தபோது, இறைவன் காட்டிய நடுவர் ஐந்து வயது ஊமைப் பிள்ளை, உருத்திரசன்மன். பிள்ளையைச் சங்கப் பலகையில் இருத்தி ஒவ்வொருவராக வாசித்தார்கள். அவன் சும்மா இருந்தான். மருதன் இளநாகனாரின் உரைக்குச் சில இடங்களில் கண்ணீர் விட்டான். நக்கீரர் வாசித்தபோது சொல்லுக்குச் சொல் கண்ணீர் வார்ந்து மெய்சிலிர்த்தது. ஒரு வார்த்தையும் பேசாத வாசகரின் கண்ணீரைத் தீர்ப்பாக ஏற்றுக்கொண்ட மரபு எங்களுடையது. முதலில் கடைசிப் பக்கத்தைத் திறந்த அந்தப் பெண்ணின் தீர்ப்பை நான் அந்த மரபின்படியே ஏற்கிறேன்.

களவியல் உரையை 1883இல் பதிப்பித்தவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் தேடி எடுத்து அச்சேற்றியவரும் அவரே. திருக்கோவையார் உரையைப் பதிப்பித்தவர், ஒழுக்கத்தில் இம்மியும் விட்டுக்கொடுக்காத ஆறுமுக நாவலர். எங்கள் ஊர்ச் சைவர்கள் காதலை அச்சுக்குக் கொண்டுவரக் கூசவில்லை.

இவை எல்லாவற்றையும் அந்தப் பெரியவரிடம் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கதை உண்மையாக இருக்கலாம், ஆனால் மனம் அங்கேயே தங்கிவிடுமே என்றார். அது நியாயமான பயம். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அவரிடம் ஒன்று மட்டும் கேட்டேன். கச்சியப்பரின் கந்தபுராணம் யுத்த காண்டத்தோடு நிற்கிறதா? சூரன் விழுந்த பிறகும் தேவ காண்டம், தக்ஷ காண்டம் என்று நடந்து, தினைப்புனத்தில் கவண் பிடித்து நிற்கும் ஒரு குறப்பெண்ணிடம் வேடனாகவும் கிழவனாகவும் முருகன் வந்து நிற்பதில்தானே முடிகிறது? அத்தனை பெரிய போரைப் பாடிய புராணத்துக்குக் கடைசிப் படலம் வள்ளியம்மை திருமணம்.

இந்த நகரத்துக் கோயில்காரரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கந்தபுராணத்தை வாசித்துப் பயன் சொல்லும் புராணபடனத்தில் சூரசங்காரத்துக்கு மண்டபம் நிறைகிறது, வள்ளி திருமணத்துக்கு வயோதிபர்கள் சிலர்தான் இருக்கிறார்கள். அந்தப் படலத்தை அவசரமாக வாசித்து முடிக்காதீர்கள். ஒரு சனிக்கிழமை மாலை முழுவதையும் அதற்குக் கொடுங்கள், பயன் சொல்பவரை ஆறுதலாகச் சொல்ல விடுங்கள், இங்கே பிறந்த பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.