கழுத்து முறிந்த பின்னும்

3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அதன்மேல் முழு மாரத்தானும் ஓட வேண்டிய அயர்ன்மேன் பந்தயத்தை, 2017 மே மாதம் பிரேசில் நாட்டு ஃபுளோரியானோபோலிஸ் நகரில் 7 மணி 40 நிமிடம் 23 விநாடியில் முடித்துப் புதிய சாதனை நிலைநாட்டிய பிரிட்டிஷ் வீரர் டிம் டான், அதே ஆண்டு அக்டோபரில், ஹவாய்த் தீவின் கோனாவில் உலகப் போட்டிக்குச் சில தினங்களே இருந்த வேளையில், பயிற்சியின்போது வாகனம் மோதிக் கழுத்தெலும்பு முறிந்து வீழ்ந்தார். எலும்புகளை இணைத்துவிடும் சிகிச்சை சுலபமானதே. ஆயினும் அது கழுத்தின் அசைவைக் குறைத்துவிடும்; நீந்துகிறவர் மூச்சுக்காக முகத்தைப் பக்கவாட்டில் திருப்பவும், சைக்கிளின்மேல் குனிந்தவர் பாதையைக் காணச் சிரத்தை உயர்த்தவும் கழுத்து சுதந்திரமாக அசைய வேண்டுமல்லவா? ஆகவே மண்டையோட்டில் திருகாணிகளை இறுக்கிப் பொருத்தும் உலோக வளையத்தையே அவர் விரும்பி ஏற்று, படுத்துறங்கவும் இயலாமல் நாற்காலியில் நிமிர்ந்தமர்ந்தே பல இரவுகளைக் கழித்து, மூன்று மாத காலம் அவ்வேதனையைச் சகித்தார். பின்னர் அவர் அடைந்த ஜயங்களைக் காட்டிலும் இந்தச் சங்கற்பத்தையே நான் உயர்வாக மதிக்கிறேன். ஏனெனில் மீண்டும் பந்தயத்துக்கு வருவோம் என்பதற்கு அன்று யாதொரு உத்தரவாதமும் அவருக்கு இருக்கவில்லை.

2018 ஏப்ரலில், குளிரும் மழையும் எதிர்காற்றும் கூடி வருத்திய பாஸ்டன் மாரத்தானை அவர் 2 மணி 49 நிமிடத்தில் ஓடினார். ஜூனில் கோஸ்டாரிகாவில் பாதித் தூரப் பந்தயத்தில் முதலாவதாக வந்தார். அக்டோபரில் கோனாவில், தம் சாதனையைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாமதமாக, எல்லைக் கோட்டைக் கடந்தார்.