யாருக்குப் போதும்?

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற மனிதன் முதன்முதலில் செய்யும் காரியங்களில் ஒன்று, ஒரு நோட்டுப் புத்தகத்தை வாங்கி, இனிமேல் மாதம் ஒன்றுக்குத் தன் குடும்பத்துக்கு என்ன செலவாகும் என்று எழுதிப் பார்ப்பது. அரிசி, மளிகை, பால், காய்கறி, எரிவாயு, மின்கட்டணம், மருந்து என்று தலைப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எதிரே தொகைகளை இட்டு, அடியில் கோடு கிழித்துக் கூட்டி, வரப்போகும் பென்ஷனோடு ஒத்துப் பார்க்கிற அந்த வேளையில், முப்பத்தைந்து வருஷ காலம் பிறருடைய கணக்குகளைச் சலனமில்லாமல் பார்த்துவந்த என் கை சற்றே நடுங்கியது. பணம் போதாமற்போகுமோ என்ற அச்சம் அதில் இருந்தது உண்மைதான். ஆனால் அதனடியில் வேறொரு கூச்சமும் இருந்தது என்பதைச் சில மாதங்கள் கழித்தே உணர்ந்தேன்.

மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்று சொல்லாத பெரியவர்கள் நம் வீடுகளில் இல்லை. என் பாட்டனார் அதைச் சொன்னார். என் தந்தையார் சொன்னார். மகனுக்கு வேலை கிடைக்கத் தாமதமான நாட்களில் நானும் சொன்னேன். அதை மனப்பூர்வமாக நம்புகிறவன், எண்பத்து நான்காவது வயதில் பாலுக்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று ஏன் கணக்கிட வேண்டும்? கணக்கிடுவதே அவிசுவாசம் அல்லவா? எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி அன்று இது. ஏனெனில் இந்தக் கணக்கில் எந்தக் கணக்கனாலும் இட்டு நிரப்ப முடியாத ஓர் எண் இருக்கிறது. விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறுமானால் ஏறக்குறைய 12 ஆண்டுகளில் அது இரட்டித்துவிடும். 60 வயதில் 30,000 ரூபாயில் நடக்கிற குடும்பம் 72 வயதில் 60,000 ரூபாயும், 84 வயதில் 1,20,000 ரூபாயும் கேட்கும். பெருக்கலில் பிழை இல்லை. ஆனால் எத்தனை ஆண்டுகளுக்கு என்பது யாருக்கும் அறிவிக்கப்படவில்லை. மத்திய அரசின் ஓய்வூதிய விதிகள், 80 வயது நிறைந்தவருக்கு அடிப்படை ஓய்வூதியத்தில் 20 விழுக்காட்டை மேலே சேர்த்து, 85-இல் அதை 30 ஆக்கி, 90-இல் 40, 95-இல் 50 என்று உயர்த்தி, 100 வயதில் இரட்டிப்பாகவே கொடுக்கின்றன. முதுமை ஏற ஏறத் தேவையும் ஏறும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஆயினும் அந்தப் படிக்கட்டில் நான் எந்தப் படிவரை ஏறுவேன் என்பதை விதி சொல்லாது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில், இன்னும் ஜீவித்திருக்கிறேன் என்று சான்று கொடுத்துவிட்டுத் திரும்புகையில், பெயரிடப்படாத அந்த எண்ணில் ஒன்று கழிந்தது என்ற நினைவு வழிநெடுக என்னோடு வரும்.

ஆகவே இது அவிசுவாசம்தானா என்று பழைய நூல்களில் தேடினேன். புத்த பகவானிடத்தில் கோலிய நாட்டுக் கிருகஸ்தன் ஒருவன், தீகஜாணு என்ற பெயருடையவன், வந்து, நாங்கள் குழந்தை குட்டிகளோடு வாழ்கிறவர்கள், காசியின் சந்தனம் பூசுகிறவர்கள், பொன்னும் வெள்ளியும் கையாளுகிறவர்கள், எங்களுக்கேற்ற தர்மத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டதாக அங்குத்தர நிகாயத்தில் வருகிறது. அவர் சொன்ன நான்கில் ஒன்று, வரவும் செலவும் அறிந்து சமனாக ஜீவிப்பது. தராசு பிடிக்கிறவன் தட்டு இவ்வளவு தாழ்ந்தது, இவ்வளவு உயர்ந்தது என்று அறிவதைப்போல் இல்லறத்தான் தன் செலவை அறிய வேண்டும் என்றார். வரவு குறைவாயிருக்கப் பெருஞ்செலவில் வாழ்கிறவனை அத்திப்பழம் தின்கிறவனுக்கு ஒப்பிட்டார். வரவு மிகுந்திருந்தும் வறியவனைப்போல் ஒடுங்கி வாழ்கிறவன் பட்டினிக்காரனாகவே சாவான் என்று உலகம் சொல்லும் என்றும் எச்சரித்தார். துறவின் ஆசிரியராகிய அவர் எண்ணிப் பார்ப்பதைப் பாபம் என்று கருதவில்லை. சிகாலன் என்னும் இல்லறத்தான் ஒருவனுக்கு உபதேசித்தபோது, செல்வத்தை நான்காகப் பகுத்து, ஒன்றை அனுபவிக்கவும், இரண்டைத் தொழிலில் இடவும், நாலாவதை ஆபத்துக்கென்று வைக்கவும் சொன்னார். ஓய்வு பெற்றவனுக்கு நடுவிலுள்ள இரண்டு பங்கும் இல்லை. அனுபவிப்பதும் அஞ்சுவதுமாகிய இரண்டு மட்டுமே மிஞ்சி நிற்கின்றன. இந்த வயதில் கை நடுங்குவதன் காரணம் எனக்கு அங்கேதான் விளங்கிற்று.

கணக்கிடலாம் என்று துணிந்தபின், ஒப்பிடுகிற ஆசை வந்தது. என்னோடு ஒரே மாதத்தில், ஏறக்குறைய ஒரே சம்பளத்தில் ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் நாலு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். இருவரும் நோட்டுகளை எடுத்துக்கொண்டு ஒரு மாலை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். எனக்கு மாதம் 31,000 ரூபாய், அவருக்கு 22,500. எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் வித்தியாசத்தைக் கண்டதும் எனக்கு வெட்கமாகிவிட்டது. எங்கேயோ ஊதாரியாக இருக்கிறேன் என்று எண்ணி, தலைப்பு தலைப்பாக அவருடையதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பால் ஒரு லிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் அரை லிட்டர். பூவுக்கு ஒன்றுமில்லை. சர்க்கரை நோய்க்கான மருந்துகள் இல்லை. ஊரிலுள்ள நாத்தனார் வீட்டுக்குப் போய்வரும் பஸ் கட்டணம் இல்லை. தீபாவளிக்குப் புடவை இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் அவருடைய மனைவி காலமானாள். நான் சிக்கனம் என்று பார்த்துக்கொண்டிருந்தது அந்த அம்மாள் இல்லாமற்போனதைத்தான். அவரும் அதை அப்போதுதான் அவ்வாறு பார்த்தார் போலும். நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு, காப்பி போடுகிறேன் என்று எழுந்து உள்ளே போனார்.

இரண்டு குடும்பங்களின் செலவை ஒப்பிடுவது இரண்டு எண்களை ஒப்பிடுவது அன்று என்பதை அந்த மாலை எனக்குக் கற்பித்தது. ஓய்வூதியத்தின்மேல் தரப்படும் அகவிலை நிவாரணம், தொழிற்சாலைகளிலும் சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் பாடுபடுகிற தொழிலாளர் குடும்பங்களின் நுகர்வைக் கொண்டு அமைந்த குறியீட்டெண்ணைப் பின்பற்றியே ஏறுகிறது; உழைக்கிற குடும்பத்தின் சாப்பாடும் உடுப்பும் வாடகையும் எவ்வளவு ஏறின என்பதை அது அறியும்; முழங்கால் தேய்ந்த கிழவிக்குத் தைலம் எவ்வளவு தேவை என்பதை அறியாது. சராசரி என்பது அவசியமான பொருள்தான், அரசு வேறெப்படிச் செய்ய முடியும்? ஆனால் எந்தச் சராசரியும் எந்த வீட்டிலும் குடியிருப்பதில்லை. எங்கள் இருவர் நோட்டையும் மறுபடி மனத்துள் ஒத்துப் பார்த்ததில், வித்தியாசத்தில் ஏழாயிரம் ரூபாய்க்கு அந்த அம்மாளின் மறைவே காரணம் என்று தேறிற்று. மீதி ஆயிரத்து ஐந்நூறு, முழுவதும் மளிகைத் தலைப்பில், எதனோடும் ஒட்டாமல் நின்றது.

போதும் என்ற சொல்லைப் பற்றி நான் அறிந்த மிக விரிவான பட்டியல், சுவேதாம்பர சமணர்களின் ஏழாவது அங்கமாகிய உபாசகதசாவில் இருக்கிறது. வாணியகிராமத்தில் ஆனந்தன் என்னும் பெருஞ்செல்வன். புதையலில் நாலு கோடி பொன், வட்டிக்கு விட்டது நாலு கோடி, வீடு வாசல் தோட்டங்களில் நாலு கோடி, பதினாயிரம் பசுக்கள் கொண்ட மந்தைகள் நான்கு. மகாவீரரின் உபதேசத்தைக் கேட்டு இல்லறத்தாருக்குரிய விரதங்களை ஏற்றபோது, தன் உடைமைகளுக்கு அளவு வரையறுத்துக்கொண்டான். பன்னிரண்டு கோடி வைத்திருப்பவன் பன்னிரண்டு கோடிக்குமேல் வேண்டாம் என்பது என்ன பெரிய தியாகம் என்று படித்தவுடன் எனக்கும் தோன்றியது. ஆனால் அந்தப் பட்டியல் கோடிகளோடு நிற்கவில்லை. ஐந்நூறு ஏர், அதன்பின் வண்டிகள், அதன்பின் உடல் துடைக்கும் துணி, பல் துலக்கும் குச்சி, பழம், குடிக்கும் தண்ணீர் என்று படிப்படியாக இறங்கி, இன்னது மட்டும், மற்றவை வேண்டாம் என்று ஒவ்வொன்றுக்கும் வேலி கட்டிக்கொண்டே போகிறது. பதினான்கு ஆண்டுகள் அவ்வாறு வாழ்ந்து, பதினைந்தாம் ஆண்டில் மூத்த மகனிடம் குடும்ப பாரத்தை ஒப்படைத்துவிட்டு அவன் நோன்புச் சாலைக்குப் போனான். ஓய்வு அவனுக்கு அன்று தொடங்கவில்லை; பல்குச்சியை எண்ணிய அன்றே தொடங்கிவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

என் நோட்டிலும் அவன் விரதத்திலும் உள்ள தலைப்புகள் ஏறக்குறைய ஒன்றுதான். நான் எழுதியது குறைந்தது இவ்வளவாவது வேண்டும் என்பது; அவன் எழுதியது அதிகபட்சம் இவ்வளவு போதும் என்பது. குறைந்தது என்று தொடங்குகிற கணக்குக்கு மேலெல்லை கிடையாது. ஒவ்வொரு பயமும் அதில் ஒரு வரியைக் கூட்டும். இங்கே எனக்கு அவிசுவாசக் கேள்விக்கும் விடை கிடைத்தது. எண்ணுவது நம்பிக்கைக்கு விரோதம் அன்று. எல்லை கட்ட அஞ்சுவதே விரோதம்.

ஆயினும் எனக்குப் போதும் என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறதா? திருவள்ளுவர் இல்வாழ்வானுடைய கடமையை ஐந்தாகப் பகுத்தபோது, மறைந்த முன்னோர், தெய்வம், விருந்து, சுற்றம் என்ற நான்கையும் சொல்லி, தன்னை ஐந்தாவதாக, கடைசியில், வைத்தார். ஓய்வுகாலத்துக்குச் செலவு மதிப்பிடுகிற நாம் அந்த ஐந்தாவதை மட்டும் விரிவாக எழுதுகிறோம்; இடம் போதாதபோது முதலில் அடிபடுவன மற்ற நான்குந்தான். திதியைச் சுருக்கலாம், கோவிலுக்குக் கொடுப்பதை நிறுத்தலாம், வருகிறவர்களைக் குறைத்துக்கொள்ளலாம், பெற்ற மொய்யைத் திருப்பிச் செய்தாயிற்று, இனிப் புதிதாக எழுதுவானேன் என்று இருந்துவிடலாம். அதே வள்ளுவர், வலியறிதல் என்னும் அதிகாரத்தின் முடிவில், கொடையையும் செலவையும் தன் பொருளின் அளவறிந்து செய்யச் சொல்லி, அளவை நோக்காத ஒப்புரவு செல்வத்தின் அளவையே விரைவில் கெடுக்கும் என்கிறார். அரசனின் படைபலத்தை எடைபோடுகிற அதிகாரத்தில் இதை வைத்ததை நான் பலமுறை வியந்திருக்கிறேன். தருவதும் தன்னுடைய பலத்தில் ஒரு பகுதி என்று அவர் கருதியிருக்க வேண்டும். கருதாவிட்டால் அதை அங்கே அளக்கச் சொல்லியிருக்க மாட்டார்.

இந்த வயதில் அடிக்கடி நினைவுக்கு வருகிற இன்னொரு காட்சி பிருகதாரண்யக உபநிஷதத்தில் உள்ளது. யாக்ஞவல்க்யர் இல்லறத்தைவிட்டுப் புறப்படுமுன், தம் இரு மனைவியருக்கும் உடைமையைப் பிரித்துக் கொடுக்க முற்படுகிறார். மைத்ரேயி, இந்தப் பூமி முழுவதும் செல்வத்தோடு எனக்குச் சொந்தமானால் அதனால் நான் மரணமற்றவளாவேனா என்று கேட்கிறாள். இல்லை, வசதியுள்ளவர்களின் ஜீவனம்போல் உன் ஜீவனம் இருக்கும், அவ்வளவுதான் என்று அவர் சொல்ல, உலக இலக்கியத்திலேயே உன்னதமான ஆத்ம விசாரங்களில் ஒன்று அங்கே தொடங்குகிறது. மற்றவள் காத்யாயனி. அவளுக்குப் பெண்களுக்குரிய அறிவே இருந்தது என்று உபநிஷதம் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறது. அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நோகிறது. முனிவரின் ஆசிரமத்தில் சீடர்களுக்கு அன்னமிட்டது யார், எந்தப் பசு கறக்கும், எந்தக் குதிரில் நெல் குறைகிறது என்று அறிந்திருந்தது யார்? அவளைக் கேட்டிருந்தால் அவள் வேறொரு ஞானத்தைச் சொல்லியிருப்பாள் என்றே நம்புகிறேன்.

நானும் கேட்காமல்தான் இருந்தேன். நண்பர் வீட்டிலிருந்து வந்து பத்து நாள் கழித்து, ஒட்டாமல் நின்ற அந்த ஆயிரத்து ஐந்நூறை நினைத்து, இரண்டு பேருக்கு மளிகை இவ்வளவு ஏன் ஆகிறது, எங்கே குறைக்கலாம் என்று என் மனைவியிடம் நோட்டை நீட்டினேன். அவள் பருப்பு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, சற்று நேரம் பேசாமலிருந்து, பாத்திரம் தேய்க்க வருகிறவளின் பெண் நர்சிங் படிக்கிறாள், மூன்று வருஷமாக மளிகைப் பணத்திலிருந்துதான் மாதாமாதம் கொடுத்து வருகிறேன், உங்களிடம் சொன்னால் அதற்கும் ஒரு தலைப்பு எழுதுவீர்கள், தலைப்பு எழுதினால் ஒருநாள் அதைக் குறைக்கத் தோன்றும் என்று சொல்லவில்லை என்றாள். இனிமேலாவது தனியாக எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம், மளிகையிலேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டாள்.