ஊற்றாத நீர்

அன்பு என்றாலே எதையாவது கொடுத்துக்கொண்டே இருப்பது என்று நம் மனம் பழகிவிட்டது. செடி வளர்ப்பவரின் கையில் அந்த அன்பு பெரும்பாலும் தண்ணீராக இருக்கிறது. ஆனால், வேண்டாத காலத்தில் தண்ணீர் பட்டால் அழுகிப்போகும் செடிகளும் உண்டு. ஐரிஸ் என்னும் பூச்செடி இனத்தில் ஆன்கோசைக்ளஸ் எனப்படும் பிரிவு அத்தகையது.

இஸ்ரேல், ஜோர்டான், லெபனான் தொடங்கி துருக்கி, காகசஸ், ஈரான் வரை பரந்த வறண்ட நிலங்களே இவற்றின் தாய்மண். அங்கே மழைக்காலமும் குளிர்காலமும் ஒன்றே. முதல் மழையில் வேர்விட்டு, குளிரில் மெல்ல இலைவிட்டு, வசந்தத்தில் தண்டுக்கு ஒரே ஒரு பூ பூக்கும். ஜோர்டானின் தேசிய மலரான கறுப்பு ஐரிஸ் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். கோடை வந்ததும் இலைகள் காய்ந்துபோகும். வறண்ட மண்ணுக்குள் கிழங்கு உறங்கும்.

கோடையிலும் மழை பெய்யும் இங்கிலாந்தில் இவற்றை வளர்க்க முனைந்தவர்களில் மைக்கேல் ஃபாஸ்டர் முக்கியமானவர். 1883இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் முதல் உடலியங்கியல் பேராசிரியரானவர். ஷெல்ஃபோர்டு என்னும் ஊரில் சுண்ணாம்பு மண் மேட்டில் அவருடைய தோட்டம் இருந்தது. கீழைநாடுகளில் பணியாற்றிய கிறிஸ்தவ ஊழியர்கள் அனுப்பிய கிழங்குகள் அங்கே வந்து சேர்ந்தன. உயிர்களின் இயக்கத்தை ஆராய்ந்த அந்தப் பேரறிஞர், முன்பின் பழகாத செடிகளின் முன் மாணவராக நின்றார்.

இன்று வீட்டில் இவற்றை வளர்ப்பவர்களும் அதே பாடத்தைத்தான் படிக்கிறார்கள். ஆழமான தொட்டியில் மணலும் பொடிக்கல்லும் கலந்து, நீர் தேங்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். பூத்து முடிந்து இலை மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்திவிட்டு, மழை படாதபடி மேலே கண்ணாடியால் மூடுகிறார்கள். வாடும் இலையைப் பார்த்தும் நீர் ஊற்றாமல் இருப்பதே இதில் கடினமான பயிற்சி. ஊற்றத் தூண்டுவது செடியின் தாகமா, நம் பதற்றமா? இந்தக் கேள்வியை நேர்மையாகக் கேட்கத் தொடங்கும்போது தோட்டவேலை தியானமாகிறது.

விதைகளும் இந்தப் பொறுமையையே சொல்கின்றன. ஒரே காயில் விளைந்தவற்றில் ஒன்று இந்த ஆண்டு முளைக்கும். இன்னொன்று பல ஆண்டுகள் மண்ணில் காத்திருக்கும். மழை பொய்க்கும் நிலத்தில் எல்லா விதையும் ஒன்றாக முளைத்தால், ஒரு பஞ்சமே வம்சத்தை அழித்துவிடக்கூடும். நம் கண்ணுக்குத் தாமதமாகத் தெரிவது, அந்த உயிருக்குக் காப்பு.

இந்தப் பூக்களில் வண்டுகளுக்குத் தேன் இல்லை. இதழ்களுக்கிடையே மூன்று இருண்ட குகைகள் மட்டும் உண்டு. அந்தி சாய்ந்ததும் தனித்து வாழும் ஆண் தேனீக்கள் அவற்றுள் புகுந்து இரவைக் கழிக்கின்றன. தங்குமிடம் தேடிப் பூவுக்குப் பூ நுழையும்போது மகரந்தம் இடம் மாறுகிறது. உண்ணக் கொடுக்க ஒன்றுமில்லாத பூ, ஒதுங்க இடம் கொடுத்தே தன் சந்ததியைக் காத்துக்கொள்கிறது.

கொடுப்பது ஓர் அறம். இடம்விட்டு நிற்பதும் அறமே. துக்கத்தில் பேச விரும்பாதவருக்கு நம் ஆறுதல் சொற்கள் வேண்டியிருப்பதில்லை. நாம் அருகில் இருந்தால் போதும். வளர்ந்த பிள்ளைக்கு நம் அறிவுரையைவிட நம் நம்பிக்கை உதவும். பிரார்த்தனையில் மனம் ஒட்டாத வறண்ட நாட்கள் நமக்கும் வரும். அப்போது நம்மை நாமே கடிந்துகொள்ள வேண்டாம். பக்தி பட்டுப்போய்விட்டதாக அஞ்சவும் வேண்டாம். அதுவும் ஒரு பருவம் என்று பொறுத்திருப்போம். இறைவன் நம்மிடம் காட்டும் பொறுமையில் ஒரு துளியேனும், நம்மை நம்பியிருக்கும் உயிர்களுக்கு நாம் காட்டப் பழகுவோம்.