முற்றத்துக் களையை நீங்களே எடுங்கள்

(பொதுக்காலம் 16ஆம் ஞாயிறு மறையுரை)



இன்றைய நற்செய்தியில் வயலின் உரிமையாளர், களையைப் பறிக்க வேண்டாம் என்று தம் பணியாளர்களைத் தடுக்கிறார். மத்தேயு 13ஆம் அதிகாரத்தில் வரும் அந்த வயல் இந்த உலகம். கோதுமையும் அந்தக் களையும் இளம்பயிராக இருக்கும்போது பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வேர்களும் பின்னிக் கிடக்கும். மனிதரைத் தீர்ப்பிட்டுப் பிடுங்கி எறிவது நம் வேலை அல்ல என்று ஆண்டவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆனால் நம் வீட்டைச் சுற்றி முளைத்து நிற்கிறதே கோரையும் நெருஞ்சியும் பார்த்தீனியமும், அவற்றைப் பறிப்பது நம் வேலைதான். இன்று அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

வீடு சந்திப்புக்கு வரும்போதெல்லாம் என் கண்ணில் படுவது, சாப்பாட்டு மேசை மேல் இருக்கும் மாத்திரை டப்பா. சர்க்கரைக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொன்னது. அந்தக் கணக்கில் நம் பங்கு மக்களும் இருக்கிறார்கள். டாக்டர் நடக்கச் சொல்கிறார். ரோட்டில் வண்டி, நாய், விடிந்தால் சமையல் என்று பல அம்மாமார் என்னிடம் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மை. அவர்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்: வாசற்படியைத் தாண்டினால் போதும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வளர்ந்தவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும். நாளொன்றுக்கு இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். விளையாட்டு மட்டும்தான் அதில் சேரும் என்றில்லை, வீட்டு வேலையும் தோட்ட வேலையும் சேரும். மூச்சு சற்று வேகமாக வர வேண்டும். பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. மிதமான உழைப்புக்கு அதுதான் அளவு. களைக்கொத்தை எடுத்து ஒரு பாத்தியைக் கொத்திப் பாருங்கள், அந்த அளவு தானாக வந்துவிடும். கோரையை மேலாகப் பிய்த்தால் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு மறுபடி முளைக்கும். ஆழமாகக் கொத்தித்தான் எடுக்க வேண்டும். குனிந்து, இழுத்து, நிமிர்ந்து, குப்பையை அள்ளிக்கொண்டு நடக்கும்போது தோளும் இடுப்பும் தொடையும் சேர்ந்து வேலை செய்கின்றன.

இதையெல்லாம் மறையுரையில் ஏன் சொல்ல வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். தொடக்கநூலைத் திறந்து பாருங்கள். ஆதாமை ஏதேன் தோட்டத்தில் வைத்த கடவுள், அதைப் பண்படுத்திப் பாதுகாக்கும் பொறுப்பை அவனிடம் கொடுத்தது இரண்டாம் அதிகாரத்தில். பாவமும் முள்ளும் வியர்வையும் வருவது மூன்றாம் அதிகாரத்தில். மண்ணில் வேலை செய்வது சாபத்தால் வந்தது அல்ல, சாபத்துக்கு முன்பே கிடைத்த கொடை அது. நம் ஊரிலோ மண்வெட்டி பிடிப்பதை இழிவாக எண்ணும் பழக்கம் இன்னும் போகவில்லை. படித்த பிள்ளை களை எடுத்தால் கௌரவக் குறைவு, அதற்கென்று சில மனிதர்கள் இருக்கிறார்கள் என்று நினைக்கிறோம். அந்த நினைப்பில் சாதி இருக்கிறது, அது பாவம். உயிர்த்த ஆண்டவரைக் கல்லறை அருகே கண்ட மகதலா மரியா, அவரைத் தோட்டக்காரர் என்றே எண்ணினார். அப்படி எண்ணப்பட்டதில் ஆண்டவருக்கு எந்தக் குறையும் நேரவில்லை.

ஜூலை 11ஆம் நாள் நாம் நினைவுகூர்ந்த புனித ஆசீர்வாதப்பர், ஆறாம் நூற்றாண்டில் எழுதிய துறவற ஒழுங்கின் 48ஆம் அதிகாரத்தில், துறவியர் அனைவருக்கும் அன்றாடம் கையால் செய்யும் வேலைக்கென நேரம் ஒதுக்கினார். செபத்துக்கு மணி இருப்பதுபோல் வேலைக்கும் மணி. நலிந்தவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அவர்களால் இயன்ற வேலையைக் கொடுக்கச் சொன்னார். அந்தக் கனிவு நமக்கும் வேண்டும். முட்டி வலி உள்ளவர்கள் குந்த வேண்டாம். சின்ன முக்காலி போட்டு உட்காருங்கள், அல்லது நீண்ட பிடியுள்ள களைக்கொத்தால் நின்றபடி கொத்துங்கள். சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு மண்ணில் இறங்கவே கூடாது. பாதம் மரத்திருந்தால் முள் குத்தியது தெரியாது, புண் ஆறாது. புதர் அடர்ந்த இடத்தில் கம்பால் தட்டிப் பார்த்த பிறகே கை வையுங்கள், விரியன் இருக்கலாம். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே, கையுறை போட்டு வேரோடு எடுங்கள். தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் அதனால் வரும். இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். வெயில் ஏறும் முன் முடித்துவிடுங்கள்.

இன்னொன்று. களைத் தொல்லை வேண்டாம் என்று வாசலிலிருந்து கொல்லை வரை சிமெண்டும் பேவர் பிளாக்கும் போடுகிறோம். மழைநீர் உள்ளே இறங்க வழியில்லாமல் தெருவுக்கு ஓடுகிறது, கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிறோம். நம் பொது வீட்டைப் பேணச் சொல்லித் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் திருமடல் எழுதினார். நான்கடி மண்ணையாவது திறந்து விடுங்கள்.

கூலிக்குக் களை எடுக்க வரும் பெண்களை இந்தச் சாக்கில் நிறுத்திவிடாதீர்கள். அவர்களுக்குப் பெரிய வேலை இருக்கிறது, நியாயமான கூலியும் கொடுங்கள். நான் கேட்பது தினமும் இருபது நிமிடம், உங்கள் கையால்.

மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு மண் இல்லையே என்று கவலை வேண்டாம். நம் கல்லறைத் தோட்டத்தில் புல் இடுப்பளவு நிற்கிறது. இறந்தோர் நினைவு நாளான நவம்பர் 2 நெருங்கும்போது அவசரமாக ஆள் வைத்து வெட்டுவதே வழக்கமாகிவிட்டது. இந்த ஆண்டு அதை மாற்றுவோம். நாளை முதல் காலைத் திருப்பலி முடிந்ததும் கல்லறைத் தோட்டத்தின் கதவு திறந்திருக்கும். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, செருப்புப் போட்டு, ஒரு களைக்கொத்தோடு வாருங்கள். நானும் வருகிறேன்.